பகாப்பதமா, பகுபதமா? எபாக்சி பூசிய மின்சுற்றுப் பலகைகளும் மறுபயன்பாடும்

தோற்றுவாய்

தமிழ் கற்பிப்பவனுக்கும் மின்சுற்றுப் பலகைக்கும் என்ன தொடர்பு என்று இக்கட்டுரையின் தலைப்பைக் காண்போர் வியக்கக்கூடும். அத்தொடர்பை உண்டாக்கியவர் என் பழைய மாணவர் ஒருவர். தமிழிலக்கியம் பயின்ற அவர், இன்று மங்கலம்பேட்டைக் கடைவீதியில் மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறார். இன்வெர்ட்டர், சலவை இயந்திரம், ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி எனச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பழுதான பொருள்கள் அவரிடம் வந்து சேர்கின்றன.

ஒரு கோடை நாளில் அவர் என் வீட்டிற்கு வந்தார். கையிலிருந்த பையில் சிதைந்துபோன மின்சுற்றுப் பலகை ஒன்று இருந்தது. அண்டைக் கிராமத்து உழவர் ஒருவரின் மோட்டார்ப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டது அது. பலகையின் மேல் தேன் நிறத்தில், கண்ணாடி போன்று கடினமான பூச்சு இருந்ததாம். பழுதான உறுப்பைத் தொடவிடாமல் அப்பூச்சு தடுத்திருக்கிறது. ஆகவே, பலகையைப் பெயிண்ட் ரிமூவரில் ஊறவைத்துவிட்டு, இரவு கடையைப் பூட்டிச் சென்றிருக்கிறார். காலையில் கதவைத் திறந்த உதவியாள், உள்ளே தேங்கியிருந்த நெடியில் தலைசுற்றி வாசலிலேயே அமர்ந்துவிட்டார். பலகையோ, பச்சை வண்ணம் உரிந்து, செம்புத் தடங்கள் நூல்போல் தொங்க, இனி எதற்கும் ஆகாது என்னும் நிலையில் கிடந்தது. உழவரின் மணிலாப் பயிர் தண்ணீருக்குக் காத்திருந்தது.

"ஐயா, மேல்பூச்சை மட்டும் கரைக்கும் மருந்து எது? அதை எங்காவது படித்துச் சொல்லுங்கள்" என்றார் அவர். நானும் தேடிப் படித்தேன். வேதியியல், இயற்பியல் துறை நண்பர்களை வினவினேன். கிடைத்த விடை எளியது. ஆனால் அவர் எதிர்பார்த்தது அன்று. அப்படி ஒரு மருந்து இல்லை என்பதே அவ்விடை. ஏன் இல்லை என்பதையும், மருந்தை நம்பாமல் பலகையை மீட்கும் நெறி எது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூச்சு எதற்காக?

என் அத்தா பேணி வைத்திருந்த வால்வு வானொலியை நான் சிறுவனாக இருந்தபோது பலமுறை திறந்து பார்த்ததுண்டு. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே உள்ளவை யாவும் கண்ணுக்குத் தெரியும்; பழுதானதைக் கழற்றி வேறொன்றை வைக்கலாம். இன்றைய சாதனங்கள் அவ்வாறு இல்லை. அவற்றின் உறுப்புகள் மிகச் சிறியவை. தடங்கள் மயிரிழை போல் நெருங்கியவை. அவற்றினிடையே ஈரமும் உப்பும் புகுந்தால், மின்சாரம் தன் வழியை விட்டு வேறு வழியில் கசியும், செம்பு அரிக்கப்படும், நாளடைவில் ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்திற்கு உலோக இழைகள் வேர்போல் படர்ந்து சுற்றையே கெடுக்கும்.

நம் கடலூர் மாவட்டத்தில் இவ்வச்சம் மிகுதி. கடலூர் முதுநகரின் மீன்பிடிப் படகுகளில் உள்ள கருவிகள் உப்புக்காற்றில் இயங்க வேண்டியவை. நெய்வேலியில் சுரங்கத் தூசி உண்டு. வயலோரத்து மோட்டார்ப் பெட்டிக்குள் பனியும் எறும்பும் பல்லியும் புகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையையும், 2011 டிசம்பர் 30ஆம் நாள் தாக்கிய தானே புயலையும் கண்ட மாவட்டம் இது. இத்தகைய சூழலில் பலகைக்கு ஒரு போர்வை தேவை என்பதை யாரும் மறுக்க இயலாது.

அப்போர்வை பெரும்பாலும் ஐந்து வகைப்படும். அவை அக்ரிலிக், பாலியூரித்தேன், சிலிக்கோன், எபாக்சி, பாரிலீன் என்பன. இவற்றுள் எபாக்சிப் பூச்சின் தடிமன் பொதுவாக 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஏறத்தாழத் தலைமயிரின் பருமனை ஒத்தது எனலாம். சில சாதனங்களில் பூச்சோடு நில்லாமல், பெட்டி முழுவதையும் எபாக்சியை ஊற்றி நிரப்பிவிடுவதும் உண்டு. பூச்சு வேறு, வார்ப்பு வேறு என்பதை நினைவிற் கொள்க. பின்னர் இவ்வேறுபாடு பயன்படும்.

எபாக்சியின் இயல்பு

எபாக்சி நமக்குப் புதியதன்று. உடைந்த பொருளை ஒட்டுவதற்குக் கடையில் வாங்கும் அரால்டைட் எபாக்சியே; ஒழுகும் குழாயை அடைக்கப் பிசையும் எம்-சீலும் எபாக்சியே. சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த பியர் காஸ்தான் என்னும் வேதியியலார், பல் மருத்துவத்திற்கு ஏற்ற பொருளைத் தேடி 1930களில் மேற்கொண்ட ஆய்வு இதன் தொடக்கங்களுள் ஒன்று. அதே நாட்டின் சிபா நிறுவனம் 1946இல் இதனை அரால்டைட் என்னும் பெயரில் அறிமுகம் செய்தது.

அரால்டைட் இரண்டு குழல்களில் வருவதை யாவரும் அறிவர். ஒன்றில் பிசின், மற்றொன்றில் அதனை இறுகச் செய்யும் பொருள். தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் குழம்பே. கலந்தபின் அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து, ஒரே வலையாக மாறிவிடுகின்றன. மெழுகு உருகி மீண்டும் மெழுகாகும். சர்க்கரை நீரில் கரைந்து மீண்டும் சர்க்கரையாகும். இறுகிய எபாக்சி உருகுவதில்லை, எளிதிற் கரைவதுமில்லை. மிகு வெப்பத்தில் கருகும்; அவ்வளவே.

இலக்கணம் கற்றோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். நன்னூலார் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என வகுத்தார். 'வந்தான்' என்பதைப் பகுதி, விகுதி முதலிய உறுப்புகளாகப் பிரிக்கலாம். பிரித்தாலும் உறுப்புகள் தம் பணியை உணர்த்தி நிற்கும். 'மரம்' என்பதைப் பிரித்தால் பொருள் கெடும். அக்ரிலிக் பூசிய பலகை பகுபதம் போன்றது; உரிய கரைப்பானைத் தொட்டுத் துடைத்தால் பூச்சு தனியே, பலகை தனியே பிரியும். எபாக்சி பூசிய பலகையோ பகாப்பதம் போல் நிற்கிறது.

மருந்து ஏன் இல்லை?

இங்குத்தான் செய்தியின் உயிர்நாடி உள்ளது. எபாக்சி மேல்பூச்சில் மட்டும் இல்லை. மின்சுற்றுப் பலகைகளுள் மிகுதியாக வழங்குவது எஃப்.ஆர்-4 என்னும் வகை. கண்ணாடி இழைத் துணியை எபாக்சியில் தோய்த்து, அடுக்கி, அழுத்தி இறுகச் செய்ததே அப்பலகை. அதன் மேலுள்ள பச்சை வண்ணக் காப்பும் பெரும்பாலும் எபாக்சி சார்ந்ததே. ஐ.சி. எனப்படும் கருநிறச் சில்லின் உடலும் எபாக்சிக் கலவையில் வார்க்கப்பட்டதே.

ஆக, மேலே போர்வை, கீழே தரை, நடுவே குடியிருப்போர் என மூன்றும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. போர்வையைக் கரைக்கும் வலிமையுடைய நீர்மம் எதுவோ, அது தரையையும் தின்னும், குடியிருப்போரையும் தின்னும். அதற்கு வேண்டியது, வேண்டாதது என்னும் பாகுபாடு தெரியாது. நம் மாணவரின் பலகைக்கு நேர்ந்தது இதுவே. அவர் அளவில் தவறவில்லை, நேரத்திலும் தவறவில்லை. ஒரே பொருளாலாகிய இரண்டனுள் ஒன்றை மட்டும் கரைக்கும் மருந்தை நாடியதே பிழை.

உதவியாளுக்கு நேர்ந்த தலைசுற்றலுக்கும் காரணம் உண்டு. பல பெயிண்ட் ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு என்னும் கரைப்பான் கலந்துள்ளது. அது அறை வெப்பத்திலேயே விரைந்து ஆவியாகும், தோலைச் சுடும், மூச்சின் வழி உட்சென்றபின் உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறி, குருதி உயிர்வளியைச் சுமப்பதைத் தடுக்கும். மூடிய அறையில் இதனைக் கையாண்டு இறந்தோர் பல நாடுகளில் உள்ளனர். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பொதுமக்கள் வண்ணம் நீக்குவதற்காக இதனை வாங்குவதை 2019இல் தடை செய்தது. 2024இல் அத்தடையை வேறு பெரும்பாலான பயன்பாடுகளுக்கும் விரிவாக்கியது. முகத்தில் கட்டும் துணி இவ்வாவியைத் தடுக்காது. கதவை மூடிய சிறு கடைக்குள் இப்பொருளுக்கு இடமே கூடாது.

தஞ்சைச் சுவர் தரும் பாடம்

அடியிலுள்ளது கெடாமல் மேலுள்ளதை நீக்குவது மின்னணுவியலுக்கு மட்டும் உரிய இடர் அன்று. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கருவறைச் சுற்றுப்பாதையில், நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் கண்டறிந்தவர் எஸ்.கே. கோவிந்தசாமி. அவர் நம் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர், மேலிருந்த நாயக்கர் ஓவியங்களுள் சிலவற்றைச் சுதைப் படலத்தோடு பெயர்த்து, கண்ணாடி இழைப் பலகைகளில் பொருத்திக் காத்தனர். அடியிலிருந்த சோழர் ஓவியங்களும் வெளிப்பட்டன. சுவர் முழுவதையும் நனைத்துக் கரைக்கும் மருந்து எதனையும் அவர்கள் தேடவில்லை. சிறுசிறு பகுதியாக, கையின் பொறுமையை நம்பிச் செய்தனர். பலகைக்கும் அந்நெறியே பொருந்தும்.

மீட்கும் நெறி

முதற்படி, நீக்கத்தான் வேண்டுமா என்று வினவுவது. மின்னிணைப்பைத் துண்டித்து, பெரிய மின்தேக்கிகளில் தங்கியுள்ள மின்சாரம் வடிந்துவிட்டதை மல்டிமீட்டரால் உறுதி செய்துகொள்ள வேண்டும். இணைப்பைத் துண்டித்த பின்னும் அவை உயிருக்கு ஊறு செய்யும் அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். பின்னர், மல்டிமீட்டரின் கூரிய முனையால் மெல்லிய பூச்சைத் துளைத்தே பல இடங்களை அளந்து பார்க்கலாம். பழுது ஓர் ரிலேயிலோ ஒரு மின்தேக்கியிலோ இருக்குமாயின், அதன் கால்கள் பற்றவைக்கப்பட்ட இடத்தில் மட்டும் பூச்சை நீக்கினால் போதும். நகத்தளவு இடத்திற்காகப் பலகை முழுவதையும் உரிப்பது வீண்.

இரண்டாம் படி, பூச்சின் இனத்தை அறிவது. மரக்குச்சியால் ஒரு மூலையை அழுத்திப் பார்க்க வேண்டும். இரப்பர்போல் அமுங்கி மீண்டால் அது சிலிக்கோனாகலாம்; அதனைக் கீறி உரித்தெடுக்கலாம். பஞ்சில் சிறிது அசிட்டோனைத் தொட்டு ஒரு மூலையில் வைத்தால் பிசுபிசுத்துக் கரைவது பெரும்பாலும் அக்ரிலிக். அமுங்காமல், கரையாமல், குச்சி பட்டதும் கண்ணாடிபோல் ஒலித்தால் எபாக்சி என்று ஐயுறலாம். பூச்சு எதுவரை பரவியுள்ளது என்று தெரியாவிடில், கள்ள நோட்டைக் கண்டறியக் கடைகளில் வைத்திருக்கும் புறஊதா விளக்கின் கீழ்ப் பலகையைக் காட்டலாம். பல பூச்சுகளில் ஒளிரும் பொருள் கலந்திருப்பதால், பூச்சுள்ள இடம் நீல நிறத்தில் ஒளிரும்.

மூன்றாம் படி, இளஞ்சூடு. எபாக்சி உருகாது என்றோம்; ஆனால் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைக் கடந்தால் அது கண்ணாடித் தன்மையை இழந்து தோல்போல் நெகிழும். வெப்பக்காற்றுக் கருவியின் சிறிய முனையைக் கொண்டு, வேண்டிய இடத்தை மட்டும் சிறிது சிறிதாகச் சூடேற்ற வேண்டும். எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். பொதுவகை எஃப்.ஆர்-4 பலகையே 130 முதல் 140 டிகிரி செல்சியஸில் நெகிழத் தொடங்கும். ஈயம் கலந்த பழைய பற்று 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாத புதிய பற்று ஏறத்தாழ 217 டிகிரியில் உருகும். உருளை வடிவ மின்தேக்கிகளின் மேல் 85 அல்லது 105 டிகிரி என்று அவற்றின் வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே அண்டையிலுள்ள உறுப்புகளை வெப்பம் தாங்கும் நாடாவால் மறைத்து, சூட்டைக் குறைத்து, காலத்தைக் கூட்டுவதே அறிவுடைமை.

நான்காம் படி, கையின் வேலை. நெகிழ்ந்த பூச்சை மூங்கில் அல்லது கடினமான பிளாஸ்டிக் குச்சியால், செம்புத் தடத்தின் போக்கிலேயே தள்ளிச் செதில் செதிலாக எடுக்க வேண்டும். இரும்புக் கத்தியைத் தடத்தின் குறுக்கே இழுத்தால் பூச்சோடு தடமும் போகும். செதில் வர மறுத்தால் மீண்டும் சூடு, மீண்டும் குச்சி. புகை எழுந்தால் வெப்பம் மிகுந்துவிட்டது என்பது பொருள். உடனே நிறுத்த வேண்டும். பாலியூரித்தேன் பூச்சாக இருந்து அது கருகினால் எழும் ஆவி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு செய்யும். வேலை முழுவதும் திறந்த சன்னலருகே, காற்றை வெளியே இழுக்கும் விசிறியோடு நடைபெற வேண்டும். சுரண்டும்போது எழும் தூளை ஊதாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பெரிய தொழிற்கூடங்களில் நுண்துகளைக் காற்றோடு பீய்ச்சிப் பூச்சை அரிக்கும் கருவிகள் உண்டு. ஆங்கும் கொள்கை ஒன்றே: வேண்டிய இடத்தில் மட்டும், வேண்டிய அளவு மட்டும்.

ஐந்தாம் படி, மீண்டும் மூடுவது. பழுதான உறுப்பை மாற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட்டு, திறந்த இடத்தில் புதிய பூச்சிட வேண்டும். அங்கு அக்ரிலிக் பூசுவது நலம். அடுத்த முறை பழுது நேர்ந்தால், திறப்பவர் நாம் பட்ட பாட்டைப் படவேண்டியதில்லை.

இந்நெறிக்கும் எல்லை உண்டு. பெட்டி நிறைய எபாக்சி வார்க்கப்பட்ட சாதனங்களில், பழுது நடுவே புதைந்திருக்குமாயின், அதனைத் தோண்டி எடுப்பதற்குள் மற்றவை அழியும். அத்தகையவற்றை விட்டுவிடுவதே முறை. எல்லாவற்றையும் மீட்க இயலாது என்று அறிவதும் தொழிலறிவின் ஒரு பகுதியே.

விட்டுவிட்டால் எங்கே செல்லும்?

ஒரு பலகையை மீட்பதற்கு இவ்வளவு உழைப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். தூக்கியெறியப்பட்ட பலகை எங்கே செல்கிறது என்பதை அறிந்தால் அவ்வினா எழாது. 2022ஆம் ஆண்டில் உலகில் உண்டான மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி தில்லியின் சீலம்பூர், உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற இடங்களில் எளியோர் கைகளுக்குச் சென்றது. செம்புக்காகவும் பொன்னுக்காகவும் அங்கே பலகைகள் எரிக்கப்பட்டன, அமிலத்தில் ஊறவைக்கப்பட்டன. பலகை எளிதில் தீப்பற்றாதிருக்க அதன் எபாக்சியில் புரோமின் சேர்மங்களைக் கலப்பது வழக்கம். திறந்த வெளியில் எரிக்கும்போது அவை கொடிய நச்சாக மாறி, அருகிலிருப்போரின் மூச்சிலும் மண்ணிலும் கலக்கின்றன. மங்கலம்பேட்டையில் நாம் எறிந்த பலகை, முகமறியாத ஒரு குழந்தையின் மூச்சில் சென்று முடியலாம்.

அரசும் வாளா இருக்கவில்லை. 2011இல் வகுக்கப்பட்ட மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் வழிவந்த 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. கழிவை முறையாக மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை இவை உற்பத்தியாளர்மேல் சுமத்துகின்றன. பழுதுபார்க்கும் உரிமைக்கென நடுவணரசு ஓர் இணையதளத்தையும் 2022 டிசம்பர் 24ஆம் நாள் தொடங்கியது. ஆயினும், திறக்கவே இயலாதபடி மூடப்பட்ட பொருளுக்குப் பழுதுபார்க்கும் உரிமை ஏட்டளவிலேயே நிற்கும். உண்மையான தீர்வு, செய்யும்போதே பிரிக்கத்தக்கதாகச் செய்வதில் உள்ளது.

அத்திசையில் நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. பிரான்சு நாட்டின் லுத்விக் லைப்லர் குழுவினர் 2011இல் விட்ரிமர் என்னும் புதுவகைப் பொருளை அறிவித்தனர். எபாக்சியைப் போலவே அது இறுகியது. ஆயினும் சூட்டில் அதன் பிணைப்புகள் இடம் மாறிக்கொள்ள வல்லவை. 2024இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் அவ்வகைப் பொருளால் மின்சுற்றுப் பலகை செய்து, பின்னர் அதனை ஒரு கரைப்பானில் ஊதவைத்துப் பிரித்து, அப்பொருளில் 98 விழுக்காட்டையும் கண்ணாடி இழை முழுவதையும் மீட்டுக் காட்டினர். பகாப்பதத்தைப் பகுபதமாக ஆக்கும் முயற்சி இது. சந்தைக்கு அது பரவலாக வரும்வரை, மூங்கில் குச்சியும் பொறுமையுமே நமக்குத் துணை.

நிறைவாக

நம் மாணவர் பெயிண்ட் ரிமூவர் டப்பாவைக் கடையிலிருந்து அகற்றிவிட்டார். சுவரில் காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்றைப் பொருத்தியுள்ளார். அவ்வுழவருக்கு வேறொரு பழைய பெட்டியின் பலகையை ஒரு பகற்பொழுது முழுவதும் அமர்ந்து சீராக்கிக் கொடுத்தார். பயிரில் ஒரு பகுதி வாடிய பிறகே தண்ணீர் பாய்ந்தது. முழுவதும் கருகுமுன் பாய்ந்ததே என்று உழவர் ஆறுதல் கொண்டார்.

அண்மையில் அக்கடைக்குச் சென்றபோது ஒன்றைக் கண்டேன். பழுதுபார்த்த ஒவ்வொரு பெட்டியின் மூடியின் உட்புறத்திலும், எந்த இடம் திறக்கப்பட்டது, எந்தப் பூச்சு இடப்பட்டது, எந்நாளில் என்பதை அழியா மையால் அழகிய தமிழில் அவர் எழுதி வைக்கிறார். "இது யாருக்காக?" என்று கேட்டேன். "அடுத்துத் திறப்பவருக்காக, ஐயா. அது நானாக இல்லாமலும் இருக்கலாம்" என்றார்.

நாளை பொருள்களை வடிவமைக்கப்போகும் மாணவர்கள் இவ்வொரு தொடரை நினைவிற் கொண்டால், பலகைகள் மட்டுமன்றி, அவற்றைத் திறக்க வேண்டியிருக்கும் எளியோரின் மூச்சும் காக்கப்படும்.